கொரகொர சத்தம் போகட்டும், நெஞ்சைப் பாருங்கள்

ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் மார்கழிப் பனி விலகும்வரை இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் சளி, இருமல், இழுப்பு பற்றியவைதான். இந்த இதழ் முழுக்க அவற்றுக்கே. பதில் எழுதுபவர்கள் குழந்தைகள் வார்டு செவிலியர்கள்.

கேள்வி: எட்டு மாதக் கைக்குழந்தை. மூன்று நாளாகச் சளி. முதுகில் கை வைத்தாலே கொரகொர என்று தெரிகிறது. ராத்திரி ஆனால் பயமாக இருக்கிறது. எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்?
ஒரு தாய், களக்காடு

கையில் தட்டுப்படும் கொரகொர பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நிற்கும் சளியின் அதிர்வு. நுரையீரல் எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது. பக்கத்து வீடுவரை கேட்கிற மாதிரி கொரகொரக்கும் பிள்ளை சிரித்துக்கொண்டு பால் குடிக்கும். சத்தமே இல்லாத பிள்ளைக்கு நிமோனியா இருக்கவும் கூடும். அதனால் நெஞ்சைப் பாருங்கள், மூச்சை எண்ணுங்கள்.

எண்ணுவதற்குப் பிள்ளை தூங்கும்போது அல்லது பால் குடித்துவிட்டு அமைதியாகக் கிடக்கும்போதுதான் சரியான நேரம். அழும்போது எண்ணினால் கணக்கு தப்பும். சட்டையை மார்புக்கு மேலே தூக்கிவிடுங்கள். வயிறு ஒரு முறை ஏறி இறங்கினால் ஒன்று. செல்போனில் ஒரு நிமிடம் வைத்து, முழு 60 விநாடியும் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது பெரியவர்களுக்குச் சரி. கைக்குழந்தை சில நொடி வேகமாகவும் சில நொடி நிறுத்தியும் மூச்சு விடும் என்பதால் அந்தக் கணக்கு நம்மை ஏமாற்றும். 2 மாதம் நிறையாத குழந்தைக்கு 60, 2 மாதத்திலிருந்து 1 வயது வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு. இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். மறுபடியும் அப்படியே இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்தது விலா எலும்பின் கீழ் ஓரம். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சு விரிய வேண்டும். அதற்குப் பதில் விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தால், பிள்ளை பலத்தையெல்லாம் கூட்டி மூச்சை இழுக்கிறது என்று பொருள். மூக்குத் துவாரம் விரிவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, பால் குடிக்க முடியாமல் விட்டுவிடுவது, குடித்ததையெல்லாம் கக்குவது, எழுப்பினாலும் சோர்ந்து விழுவது, வலிப்பு, நாக்கும் உதட்டின் உட்புறமும் நீலம் பாய்வது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நம் பிள்ளைகளின் நிறத்துக்கு நகத்தைவிட நாக்கைப் பார்ப்பதுதான் நம்பகமானது. களக்காட்டிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரப் பயணமாவது ஆகும். பைக்கில் முகத்தை மூடிச் சுற்றிக்கொண்டு வருவது ஆபத்து, மூச்சு நிற்பதுகூட வெளியே தெரியாது. 108-ஐக் கூப்பிடுங்கள், அதில் ஆக்சிஜன் இருக்கும்.

இந்த அறிகுறி எதுவும் இல்லையென்றால் வீட்டிலேயே பார்க்கலாம். கைக்குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும்; மூக்கு அடைத்தால் பால் குடிக்கத் திணறும். மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை ஒவ்வொரு துவாரத்திலும் 2 சொட்டு விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, மெல்லிய துணித் திரியால் ஓரத்தில் வந்ததை மட்டும் துடையுங்கள். பால் கொடுப்பதற்குச் சற்று முன்பும் தூங்கவைக்கும் முன்பும் செய்தால் போதும். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். வழக்கத்தில் பாதிகூடக் குடிக்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் அதுவும் மருத்துவரைப் பார்க்க வேண்டிய அடையாளம்தான்.

சேலைத் தொட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. துணி குழிந்து தொங்குவதால் பிள்ளையின் தலை முன்னே மடங்கி, தாடை நெஞ்சில் முட்டும். நல்ல நாளில் சமாளித்துக்கொள்ளும் பிள்ளைக்கும் சளி கட்டிய நாளில் மூச்சுக்குழாய் அங்கேயே நெருங்கிவிடும். சளி போகும்வரை தொட்டில் வேண்டாம். கெட்டியான பாயில் மல்லாக்கப் படுக்கவையுங்கள், தலையணை தேவையில்லை. விழித்திருக்கும்போது தோளில் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: நாலு வயது மகனுக்கு அடிக்கடி வீசிங். டாக்டர் இன்ஹேலர் எழுதியிருக்கிறார். பழகிப்போகும், சிரப்பே போதும் என்கிறார்கள். நான் வீட்டில் பீடி சுற்றுகிறேன். அதனால்தான் வருகிறதா?
ஒரு வாசகி, முக்கூடல்

பழகிப்போவது என்ற பயத்தை முதலில் கணக்குப் போட்டுத் தீர்ப்போம். இழுப்பைத் தணிக்கும் சல்பியூட்டமால் இன்ஹேலரில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம் மருந்து. அதே மருந்து சிரப்பில் 5 மில்லியில் 2 மில்லிகிராம், அதாவது 2,000 மைக்ரோகிராம். இரண்டு அழுத்து 200 மைக்ரோகிராம் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. சிரப் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிய பிறகுதான் நெஞ்சுக்கு வருகிறது. கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் சிரப் குடித்த பிள்ளைக்குத்தான் அதிகம்.

நாலு வயதுப் பிள்ளைக்கு இன்ஹேலரை நேரே வாயில் வைத்து அடித்தால் மருந்து நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும். ஸ்பேசர் என்ற குழாய் கட்டாயம் வேண்டும். வாயை இறுக மூடி உறிஞ்சப் பழகும்வரை அதில் மாஸ்க்கும் மாட்டுங்கள். பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்காரவையுங்கள். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் செருகுங்கள். மூக்கும் வாயும் மூடும்படி மாஸ்க்கை அழுத்தி வையுங்கள், கன்னத்தில் விரல் நுழைகிற சந்துகூட இருக்கக் கூடாது. ஒரே ஒரு அழுத்து. பிறகு மாஸ்க்கை எடுக்காமல் ஐந்தாறு மூச்சு எண்ணுங்கள். அரை நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி, அடுத்த அழுத்து. இரண்டையும் சேர்த்து அடிப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து குழாய்ச் சுவரில் படிந்துவிடும். அலறும் பிள்ளைக்கு வைத்தாலும் மருந்து உள்ளே போகாது. நன்றாக இருக்கும் நாளிலேயே மாஸ்க்கைப் பொம்மைக்கு வைத்து விளையாட்டாகப் பழக்குங்கள்.

ஸ்பேசரை வாரம் ஒரு முறை, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு கலந்த வெதுவெதுப்பான நீரில் முக்கியெடுத்து, உதறி, நிழலில் தானாகக் காயவிடுங்கள். உட்புறத்தைத் துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்தை இழுத்துக்கொள்ளும். டப்பாவில் எத்தனை அழுத்து என்று எழுதியிருக்கும், பெரும்பாலும் 200. காலண்டரில் கணக்கு வையுங்கள். மருந்து தீர்ந்த பிறகும் டப்பா காற்றைக் கக்கிக்கொண்டிருக்கும்.

இழுப்பு வந்தால் டாக்டர் எழுதித் தந்த அளவே முதல். பொதுவான முறை 2 அழுத்து. 20 நிமிடத்தில் குறையாவிட்டால் மறுபடி 2. ஒரு மணி நேரத்தில் மூன்று முறை கொடுத்தும் குறையவில்லை, அல்லது குறைந்து மூன்று மணி நேரத்துக்குள் திரும்பி வருகிறது என்றால் ஆஸ்பத்திரிதான். பிள்ளை ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்ல முடியாமல் திணறினால் 20 நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம், வழியிலேயே கொடுத்துக்கொண்டு வாருங்கள்.

பீடி விஷயம். இழுப்புக்கு அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. பரம்பரையும் சளிக் கிருமியும்கூடச் சேரும். ஆனால் புகையிலைத் தூள் அந்த மூச்சுக்குழாயைத் தூண்டும் என்பது உறுதி. தொழிலை விடுங்கள் என்று எழுதுவது எளிது, உங்கள் வீட்டு அடுப்பு எரிவது அதில்தான் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் செய்யக்கூடியதை மட்டும் சொல்கிறோம். சுளகைத் தார்சாவுக்கோ திண்ணைக்கோ கொண்டுபோங்கள். பிள்ளை படுக்கும் அறையில் தூளும் நனைத்த இலைக்கட்டும் இருக்கக் கூடாது. ஈர இலை பூஞ்சை பிடிக்கும், அதுவும் இழுப்பைக் கிளப்பும். சுற்றி முடித்த இடத்தை வாரியலால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கையை முழங்கைவரை கழுவி, மேலே போட்டிருந்த துண்டை மாற்றிய பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். வீட்டுக்குள் யாரும் புகைக்கவே கூடாது, இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: சளி பிடித்தால் ஆச்சி தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தேய்க்கிறார். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுகிறார். பிள்ளைக்கு ஒன்றரை வயது. சரியா?
ஒரு தாய், அம்பாசமுத்திரம்

இரண்டும் வேண்டாம். கற்பூரம் குழந்தையின் மெல்லிய தோல் வழியாகவும் மூக்கு வழியாகவும் உள்ளே போகும். கொஞ்சம் விழுங்கிவிட்டாலே வலிப்பு வரும். 2 வயதுக்குக் கீழ் கற்பூரம் கலந்த எதுவும் கூடாது, கடைத் தைலமும் இதில் சேர்த்திதான்.

மூக்கில் விடும் எண்ணெய் அதைவிட மோசம். தண்ணீர் புரையேறினால் பிள்ளை இருமி வெளியே தள்ளும். எண்ணெய் வழவழவென்று போவதால் இருமல்கூட வராமல் நுரையீரலுக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடும். கிருமியே இல்லாமல் வரும் அந்த நிமோனியா வாரக்கணக்கில் இழுக்கும், ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காது. சாம்பிராணிப் புகையும் இருமுகிற பிள்ளைக்கு ஆகாது. ஆவி பிடிக்கவைத்து வெந்நீர் கவிழ்ந்து வெந்துபோவது ஒவ்வொரு மழைக்காலத்திலும் நடக்கிறது. ஆவியால் நுரையீரல் சளி கரைவதும் இல்லை.

ஒன்றரை வயதுக்குத் தேன் கொடுக்கலாம், படுக்கும் முன் அரை டீஸ்பூன். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஒரு சொட்டுகூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் நச்சு கைக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். ஆச்சியிடம் மூச்சு எண்ணும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள். மடியில் வைத்துப் பொறுமையாக ஒரு நிமிடம் எண்ண அவரைவிட ஆள் கிடைக்காது.

கேள்வி: காய்ச்சல் மருந்து ஒரு பாட்டிலில் 120, இன்னொன்றில் 250 என்று இருக்கிறது. சொட்டு மருந்தும் இருக்கிறது. எதை எவ்வளவு?
ஒரு தந்தை, பேட்டை

மிக நல்ல கேள்வி. பாராசிட்டமால் அளவை வயதை வைத்து அல்ல, எடையை வைத்துப் போட வேண்டும்: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 10 கிலோ பிள்ளைக்கு 150. 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்ற பாட்டிலில் அது சுமார் 6 மில்லி. 5 மில்லிக்கு 250 என்ற பாட்டிலில் 3 மில்லி. ஒரு மில்லிக்கே 100 இருக்கும் சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. விபரீதம் எங்கே நடக்கும் என்றால், 6 மில்லி என்று மனத்தில் பதிந்த அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றும்போது. 600 மில்லிகிராம், நாலு மடங்கு. இது தொடர்ந்தால் ஈரல் கெடும். பாட்டிலுடன் வரும் அளவு மூடியோ சிரிஞ்சோ மட்டும். காபி கரண்டி வேண்டாம். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், நாளைக்கு 4 வேளைக்கு மேல் கூடாது. 3 மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி தொட்டாலே மருந்து தேடாமல் மருத்துவரிடம் போங்கள்.

இருமல் சிரப் கடையில் கேட்டு வாங்காதீர்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் டை எத்திலின் கிளைகால் என்ற நச்சு கலந்த இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் மாநிலத்தில். அதையொட்டி அக்டோபரில் மத்திய அரசு 2 வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்து எழுதக் கூடாது, 5 வயதுக்குக் கீழ் பொதுவாகத் தேவையில்லை என்று அறிவுறுத்தியது. நச்சில்லாத சிரப்பும் சின்னப் பிள்ளையின் இருமலைக் குறைப்பதில்லை.

கேள்வி: ஆக்சிஜன் வைத்துவிட்டார்கள் என்றாலே கைவிட்டதாக அர்த்தமா? என் தங்கை மகள் வார்டில் இருக்கிறாள்.
ஒரு வாசகர், வள்ளியூர்

இல்லவே இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் கொடுக்கும் மருந்து அது, அவ்வளவுதான். மூக்கு முனையில் இருக்கும் சின்னக் குழாய் வழியாக நிமிடத்துக்கு 1 அல்லது 2 லிட்டர், இளம் குழந்தைக்கு அரை லிட்டர் போதும். உடன் இருப்பவர்கள் செய்யும் உதவிதான் பெரிது. பால் கொடுக்கும்போது குழாயைக் கழற்றாதீர்கள், பிள்ளைக்கு அப்போதுதான் அதிகம் தேவை. குழாய் முனையில் சளி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், அடைத்திருந்தால் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். விரலில் மாட்டிய கருவி குறைவாகக் காட்டினால் முதலில் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்; காலை ஆட்டினாலும், விரல் ஜில்லென்று இருந்தாலும், நகத்தில் கருத்த நகப்பூச்சு இருந்தாலும் எண் பொய் சொல்லும். எண் சரியாக இருந்து பிள்ளை சோர்ந்தால் பிள்ளையைத்தான் நம்ப வேண்டும்.

மூச்சு மிக வேகமாக இருக்கையில் வாய்வழிப் பால் கூடாது என்று வார்டில் சொன்னால் பாலாடையில் ஒளித்துக் கொடுக்காதீர்கள். விழுங்குவதற்கு மூச்சை நிறுத்த வேண்டும், அவளால் அது முடியாது, பால் நுரையீரலுக்குள் போகும். தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கொடுங்கள், மூக்குக் குழாய் வழியாக வயிற்றுக்கே போய்விடும்.

கேள்வி: நிமோனியா தடுப்பூசி அரசில் இலவசமா?
ஒரு தாய், சேரன்மகாதேவி

ஆம். 2021 முதல் நம் மாநிலத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு: ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், 9 மாதம். லேசான சளி இருந்தாலும் போடலாம், அதைச் சொல்லித் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: இரண்டரை வயது மகள். போன வாரம் கடலை தின்னும்போது புரையேறி, கொஞ்ச நேரத்தில் சரியானது. அதிலிருந்து இருமல் நிற்கவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள்.
ஒரு தாய், திசையன்விளை

இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். "கடலை தின்னும்போது புரையேறியது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. மூச்சுக்குழாயில் தங்கி, ஈரத்தில் ஊறிப் பெருத்து, ஒரு பக்க நுரையீரலை மட்டும் அடைக்கும். மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டுப் பார்த்து எடுப்பதுதான் வழி. கொடுக்கிற சிரப்பெல்லாம் நாளைத்தான் கடத்தும்.

புரையேறிய அந்த நிமிடத்தில் பிள்ளை சத்தமாக இருமினால் இருமவிடுங்கள். சத்தமே வராமல் திணறினால் குனியவைத்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கை அடியால் 5 அடி. வரவில்லையென்றால் பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்நோக்கி மேலாக 5 அழுத்தம். மாறி மாறிச் செய்யுங்கள். ஒரு வயதுக்குக் கீழ் வயிற்றை அழுத்தக் கூடாது: முன்கையில் குப்புறக் கிடத்தி முதுகில் 5 அடி, திருப்பி நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கை அடியால் 5 அழுத்தம். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தோண்டாதீர்கள், இன்னும் உள்ளே போகும். பேச்சுமூச்சில்லாமல் துவண்டுவிட்டால் 108-ஐக் கூப்பிட்டு, மூச்சு கொடுத்து நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

5 வயதுவரை கடலையை இடித்தோ அரைத்தோதான் கொடுக்க வேண்டும். புளியங்கொட்டை கைக்கு எட்டக் கூடாது.