சாவி இல்லாமல் பூட்டுத் திறக்கப் பழகுகிறவர்கள் கேட்டவை

ஆன்லைனில் இருபது கம்பி உள்ள பூட்டுத் திறக்கும் செட் ஒன்று பார்த்தேன். வாங்கலாமா சார்? (கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை)

வேண்டாம் தம்பி. உள்ளே விட்டுத் தூக்க நுனி லேசாக வளைந்த கொக்கி ஒன்று, திருப்பிப் பிடிக்க 'எல்' மாதிரி மடங்கிய டென்ஷன் கம்பி ஒன்று. ஆரம்பத்துக்கு இவ்வளவுதான். மிச்சக் காசுக்குப் பூட்டு வாங்குங்கள். புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் பழைய பித்தளைப் பூட்டு கண்ணில் பட்டால் சாவியோடு கேளுங்கள். சாவி இல்லாவிட்டால், திறக்காததற்குக் காரணம் உள்ளே இருக்கும் துருவா, உங்கள் கையா என்று தெரியாது.

அரை மணி நேரமாகக் குடைகிறேன். ஒரு பின் கூட அசையவில்லை. (மஞ்சக்குப்பம்)

டென்ஷன் கம்பியை அழுத்தும் விரல் நகத்தைப் பாருங்கள். வெளுத்துப் போயிருந்தால் அதுதான் கோளாறு. எனக்கு வரும் கேள்விகளில் முக்கால்வாசி இதுதான். எல்லோரும் கொக்கியைக் குறை சொல்வார்கள்.

உள்ளே நடப்பது இது. சாவி நுழைந்து சுழலும் உருளைதான் சிலிண்டர். அதற்குள் வரிசையாகத் துளைகள். ஒவ்வொன்றிலும் மேலும் கீழுமாக இரண்டு பின், அதாவது சின்ன உலோகக் குச்சிகள், அதற்கு மேல் ஸ்பிரிங். இரண்டு பின்னும் சேரும் இடம் சிலிண்டரின் விளிம்போடு சரியாக நின்றால்தான் அது சுழலும். சரியான சாவி எல்லாப் பின்னையும் ஒரே நேரத்தில் அப்படி நிறுத்திவிடுகிறது. நாமோ ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். எந்தக் கம்பெனியும் துளைகளை மயிரிழை பிசகாமல் நேர்கோட்டில் போடுவதில்லை. அதனால் லேசாகத் திருப்பும்போது ஏதோ ஒரு பின் மட்டும் முதலில் இறுகும். அதைத் தேடி மெல்லத் தூக்கினால் சின்னதாக ஒரு 'டிக்'. அப்புறம் அடுத்தது இறுகும். அது பக்கத்துப் பின்னாக இருக்க வேண்டியதில்லை. முதலில் மூன்றாவது, பிறகு ஒன்றாவது என்றும் வரும். பலமாக அழுத்தினால் எல்லாமே சேர்ந்து இறுகிவிடும், எதைத் தூக்குவது என்றே தெரியாது. கம்பியை முழுசாக விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள். டென்ஷன் கம்பியில் விரல் பட்டும் படாமலும் இருந்தால் போதும்.

சிலிண்டர் கொஞ்சம் திரும்பி நின்றுவிடுகிறது. கிட்டத்தட்ட திறந்துவிட்டேனா? (அரியாங்குப்பம்)

இல்லை, பூட்டு ஏமாற்றுகிறது. நடுவில் இடுப்பு ஒடுங்கிய பின் போட்டிருப்பார்கள். அதைத் தூக்கும்போது சிலிண்டர் பின்னோக்கித் திரும்பப் பார்க்கும். டென்ஷனைத் தளர்த்தி அதற்கு வழி விட வேண்டும். முதலில் சாதாரணப் பூட்டு நாலு பழகிவிட்டு இதற்கு வாருங்கள்.

எங்கள் பூட்டில் '7 லீவர்' என்று இருக்கிறது. இதே கருவி போதுமா? (நெல்லித்தோப்பு)

போதாது. அது வேறு சாதி. அதில் பின் கிடையாது, தகடுகள்தான் நகரும். திண்டுக்கல் பூட்டுகளும் லீவர் வகைதான். நம் வீட்டு இரும்புப் பூட்டுகள் பலவும் அப்படியே. சாவியின் ஒரு விளிம்பில் மட்டும் மலைத்தொடர் மாதிரி வெட்டு இருந்தால் பெரும்பாலும் பின் பூட்டு. லீவரைத் திறக்க முடியாதென்று நினைத்துவிடாதீர்கள். 1851 லண்டன் கண்காட்சியின்போது ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், யாராலும் முடியாது என்று பெயர் வாங்கியிருந்த சப் கம்பெனியின் லீவர் பூட்டைத் திறந்து காட்டினார். ஆனால் அதற்குக் கருவி வேறு, பழக்கமும் வேறு.

வாடகை வீட்டு வாசல் பூட்டில் பழகலாமா? (திருப்பாதிரிப்புலியூர்)

கூடாது. அது வீட்டுக்காரருடையது. சொந்த வீடானாலும் புழக்கத்தில் உள்ள பூட்டு வேண்டாம். பின் சிக்கி, ஸ்பிரிங் வளைந்துவிட்டால் ராத்திரி பத்து மணிக்கு வெளியே நிற்பீர்கள். உங்கள் சொந்தப் பூட்டு, மேசை மேல், சும்மா கிடப்பது. அல்லது உரியவர் சரி என்று சொன்னது. வேறெதையும் தொடாதீர்கள்.

கேட் பூட்டு சாவிக்கே மசியவில்லை. தேங்காய் எண்ணெய் விடலாமா? (தேவனாம்பட்டினம்)

விடாதீர்கள், பிசுபிசுத்து மணலைப் பிடித்துக்கொள்ளும். கடலோரத்தில் உப்புக்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கிராபைட் பொடி கொஞ்சம் தூவி, சாவியை நாலைந்து முறை உள்ளே விட்டு எடுங்கள். அவசரத்துக்குச் சாவி மேல் பென்சிலைத் தேய்த்தாலும் ஓரளவு வேலை செய்யும். அதற்கும் மசியாவிட்டால் சாவி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.