சுவீடிஷ் நடிகை இங்க்ரிட் பெர்க்மனை ஹாலிவுட் ஒதுக்கியது ஏன், எப்படித் திரும்பி வந்தார்?

காரணம் அவர் நடிப்பு இல்லை, காதல். 1915இல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அம்மா, அப்புறம் பதின்மூன்று வயதில் அப்பா என இருவரையும் இழந்தார். 1939இல் அமெரிக்கா போனபோது பெயரையும் புருவத்தையும் பல்லையும் மாற்றச் சொன்னார்கள், மாட்டேன் என்றுவிட்டார். 1942இல் 'கேஸபிளாங்கா' வந்தது, அப்புறம் 'கேஸ்லைட்' படத்துக்கு முதல் ஆஸ்கர். ரசிகர்கள் அவரைப் புனிதவதியாகவே பார்க்க ஆரம்பித்தார்கள். சிக்கலும் அதில்தான் இருந்தது.

இத்தாலிய இயக்குநர் ரொபர்த்தோ ரொசெலினியின் படங்களைப் பார்த்து, உங்கள் படத்தில் நடிக்க ஆசை என்று பெர்க்மனே கடிதம் எழுதினார். 'ஸ்ட்ராம்போலி' படப்பிடிப்பில் காதல் வந்தது. இருவருமே வேறொருவரை மணந்தவர்கள். 1950இல் குழந்தை பிறந்ததும் அமெரிக்க செனட் சபையிலேயே ஒரு உறுப்பினர் எழுந்து அவரைத் திட்டினார். மூத்த மகளையும் பல வருடம் பார்க்க முடியவில்லை. ஒரு பெண்ணுக்கு இது ரொம்பக் கொடுமையான தண்டனை.

1956இல் வந்த 'அனஸ்தேசியா' இரண்டாவது ஆஸ்கரோடு அவரைத் திரும்ப அழைத்துவந்தது. 1972இல் அதே செனட்டில் இன்னொரு உறுப்பினர் மன்னிப்பும் கேட்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது 1974இல் வந்த 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்'. இளவரசி வேடம் தருகிறேன் என்றார் இயக்குநர். இவரோ பயந்த சுபாவமுள்ள சுவீடிஷ் மிஷனரி வேடத்தைக் கேட்டு வாங்கினார். விசாரணைக் காட்சியில் கேமரா வெட்டாமல் அவர் முகத்தையே சுற்றி வரும். கண் அலைபாயும், வார்த்தை தடுமாறும். அந்தச் சில நிமிடங்களுக்குத்தான் மூன்றாவது ஆஸ்கர். புற்றுநோயோடு போராடிக்கொண்டே இஸ்ரேலின் முன்னாள் பிரதமர் கோல்டா மேயராக நடித்து முடித்தார். 1982இல், தன் 67ஆவது பிறந்தநாளன்று லண்டனில் காலமானார்.