நாலாயிரம் வாட்டை விடுங்கள். முதலில் கதவைக் கவனியுங்கள்

கேள்வி: நான் ஆலங்குளம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவன். ஒற்றை கேபின் பிக்கப் வண்டி வைத்து, பாவூர்சத்திரத்திலிருந்து செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிப் போகிறேன். வண்டியோடு வந்த பாட்டு செட்டில் யுஎஸ்பி, ப்ளூடூத் இரண்டும் உண்டு. ஆனால் வண்டி அறுபதைத் தாண்டினால் பாட்டில் ஒரு வார்த்தைகூடப் புரிவதில்லை. கையில் 12,000 ரூபாய் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் அழைத்துப் போன கடையில், 4,000 வாட் பேஸ் டியூப் (அடித்தொனியைக் கூட்டும் உருளை ஸ்பீக்கர்), ஆண்ட்ராய்டு பிளேயர், இரண்டு ஓவல் ஸ்பீக்கர் ஆகியவற்றைச் சேர்த்து 14,500 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் குறை வார்த்தை புரியவில்லை என்பது. அவர்கள் விற்க நினைப்பது அதிர்வு. இந்த இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. உங்களிடம் இருக்கும் 12,000 ரூபாயிலேயே, அதுவும் முழுவதையும் செலவழிக்காமல், நீங்கள் கேட்கும் பலனைப் பெற முடியும்.

முதலில் அந்த 4,000 வாட் என்ற எண்ணைப் பார்ப்போம். வண்டியின் மின்சாரம், எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட். அதில் 4,000 வாட் எடுக்க வேண்டுமானால் 285 ஆம்பியர் ஓட வேண்டும். உங்கள் வண்டியின் ஆல்டர்னேட்டர் அதில் பாதியைக்கூடத் தராது. அப்படியானால் அட்டைப்பெட்டியில் அந்த எண் எப்படி வந்தது என்று கேட்டால், அச்சடிப்பவர் விருப்பப்படி வந்தது என்பதைத் தவிர வேறு விடை இல்லை. தொடர்ந்து தரக்கூடிய உண்மையான திறனை ஆர்எம்எஸ் வாட் என்பார்கள். பெரிய எழுத்தில் இருக்கும் ‘மேக்ஸ்’, ‘பீக்’, ‘பிஎம்பிஓ’ எண்களைக் கண்ணால்கூடப் பார்க்க வேண்டாம். ஆர்எம்எஸ் எண் எங்குமே இல்லாத பொருளை அப்படியே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடையில் நின்றபடியே நீங்கள் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஓசைக்குத் திறன் கூட்டும் பெட்டியான ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில் செருகியிருக்கும் பியூஸில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அந்த எண்ணை 14-ஆல் பெருக்கி, பாதியாக்குங்கள். உள்ளே போகும் மின்சாரத்தில் மீதி பெரும்பாலும் சூடாக வீணாகிவிடும். 30 ஆம்பியர் பியூஸ் என்றால் சுமார் 200 வாட். ‘கிளாஸ் டி’ எனப்படும் சிக்கன வகை இதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தரும் என்றாலும், 14-ஆல் பெருக்கி வந்த முழு எண்ணைத் தாண்டி எந்தப் பெட்டியாலும் தொடர்ந்து தர முடியாது. பியூஸ் பொய் சொன்னால் எரிந்துவிடும் என்பதால், அந்தப் பெட்டியில் நம்பத் தகுந்த எண் அது ஒன்றுதான். இதே கணக்கை ‘50 வாட் x 4’ என்று எழுதியிருக்கும் பிளேயரிலும் போட்டுப் பாருங்கள்: பின்னால் 10 ஆம்பியர் பியூஸ் இருந்தால், நான்கு ஸ்பீக்கர்களுக்கும் பங்கு போட்டது போக, ஒன்றுக்கு 20 வாட் தேறுவதே கடினம். பருப்புப் பொட்டலத்தில் எடை குறைந்தால் பிடிக்க ஆள் இருக்கும் நாட்டில், ஸ்பீக்கர் பெட்டியில் இருபது மடங்கு பொய்யை அச்சடித்தால் கேட்பாரில்லை. நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் அன்றாடம் லோடு ஓட்டிப் பிழைக்கும் ஒருவர், சில ஆயிரம் ரூபாய்க்காக வேலையை விட்டுவிட்டு வாய்தாவுக்கு அலைய முடியுமா என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இனி உங்கள் கேபினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்று ஓடும்போது, விநாடிக்கு 60 முறை வெடிக்கிறது. அந்த உறுமல் சரியாகப் பாட்டின் பேஸ் இருக்கும் இடத்திலேயே வந்து உட்காருகிறது. பேஸ் டியூப் போட்டால் அந்த உறுமலோடு இன்னொரு உறுமலைச் சேர்க்கிறீர்கள். பாடகரின் குரல் இன்னும் அடியில் போய்விடும். மேலும், சொற்களைப் பிரித்துக் காட்டும் க, ச, ட, த போன்ற எழுத்துகளின் ஓசை உச்ச ஸ்தாயியில் இருக்கிறது. அது நேர்க்கோட்டில் செல்லும் ஓசை. கதவின் அடியில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து கிளம்பும் அந்த ஓசை, உங்கள் முழங்காலிலும் கியர் பக்கம் வைத்திருக்கும் பையிலும் மோதி நின்றுவிடுகிறது.

ஆகவே நீங்கள் வாங்க வேண்டியது கதவுக்கு ஒரு ஜோடி ‘காம்பொனென்ட்’ ஸ்பீக்கர். இதில் அடித்தொனிக்கான உஃபர் தனியாகவும், உச்ச ஓசைக்கான ட்வீட்டர் என்னும் சிறிய குமிழ் தனியாகவும் இருக்கும். உஃபரைக் கதவிலும், ட்வீட்டரை டேஷ்போர்டின் இரு ஓரங்களிலும், காதை நோக்கி, பொருத்தச் சொல்லுங்கள். ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை வாட் தாங்கும் என்று கேட்காதீர்கள். ‘சென்சிட்டிவிட்டி எத்தனை டெசிபல்’ என்று கேளுங்கள். 3 டெசிபல் கூடுதலாக உள்ள ஸ்பீக்கர், அதே சத்தத்தைப் பாதி வாட்டிலேயே கொடுத்துவிடும். உங்கள் கம்பெனி செட்டின் திறன் குறைவு என்பதால் 91 அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது. 300 வாட் தாங்கும் என்று பெருமையடிக்கும் விறைப்பான ஸ்பீக்கரை இந்தச் சிறிய செட் அசைக்கவே திணறும். வாங்குவதற்கு முன் கதவு அட்டையைக் கழற்றி, துளை எத்தனை அங்குலம் என்பதையும், கண்ணாடியை முழுவதும் இறக்கிய நிலையில் பின்னால் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள். அளக்காமல் வாங்கிவிட்டு, கண்ணாடி பாதியில் முட்டி நிற்கும் வண்டிகள் நம் பக்கத்தில் ஏராளம்.

அடுத்தது கதவு. பணம் போட வேண்டிய இடம் இதுதான்; கடைக்காரர் வாயே திறக்காத இடமும் இதுதான். ஏனென்றால் இதில் லாபம் குறைவு, உழைப்பு அதிகம். ஸ்பீக்கரின் முன்பக்கம் ஓசை எழுப்பும்போது பின்பக்கமும் எழுப்புகிறது. பின்னோசை கதவில் உள்ள ஓட்டைகள் வழியே வெளியே வந்து முன்னோசையை அழித்துவிடுகிறது. வில்லுப்பாட்டில் குடம் விரிசல் விட்டிருந்தால், அடிப்பவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் என்ன பயன்? வண்டிக் கதவின் உள்தகடும் அப்படித்தான் பெரிய பெரிய ஓட்டைகளோடு இருக்கிறது. பியூட்டில் ரப்பரில் செய்த, தகட்டின் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட்டை வாங்கி, கதவின் வெளித்தகட்டின் உட்புறம் ஒட்டி, உள்தகட்டு ஓட்டைகளையும் மூட வேண்டும். ஸ்பீக்கருக்கும் கதவுக்கும் இடையில் ஃபோம் நாடா சுற்றிய ஒரு வளையம் வைக்க வேண்டும். இதைச் செய்தால் அதே ஸ்பீக்கர் வேறு ஸ்பீக்கர் போலப் பேசும். சாலை இரைச்சலும் ஓரளவு அடங்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். மொட்டை மாடி ஒழுக்குக்கு ஒட்டும் தார் ஷீட்டையே ‘டேம்பிங்’ என்று சொல்லி ஒட்டிவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் அது இளகி வழிந்து, கேபின் முழுவதும் தார் நாற்றம் அடிக்கும். கதவின் அடிவிளிம்பில் மழைநீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். அவற்றை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. தென்காசிச் சாரலில் ஓடும் வண்டிக்கு அந்தத் துளை அடைபட்டால் கதவு உள்ளேயிருந்து துருப்பிடித்துவிடும்.

ஸ்பீக்கருக்கு 4,500 ரூபாய், ஷீட்டுக்கும் கூலிக்கும் 3,000 ரூபாய் என்று ஒதுக்கி, இத்துடன் நிறுத்திக்கொண்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பலருக்கு இதுவே போதும். போதவில்லை என்றால் மட்டும் மீதிப் பணத்தில், ஆர்எம்எஸ் 40 அல்லது 50 வாட் தரும் ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயரை, கம்பெனி செட்டின் ஸ்பீக்கர் வயரிலிருந்தே ஓசையை எடுத்துக்கொள்ளும் ‘ஹை லெவல் இன்புட்’ வசதியோடு, வாங்குங்கள். கம்பெனி செட்டைக் கழற்ற வேண்டியதே இல்லை. ஆண்ட்ராய்டு பிளேயர் உங்களுக்கு எதற்கு? மலிவான ஆண்ட்ராய்டு பிளேயர்கள் பலவற்றில் மத்திய அலை (ஏஎம்) வானொலியே கிடையாது. திருநெல்வேலி வானொலியின் 1197 கிலோஹெர்ட்ஸ் ஒலிபரப்பை அதில் பிடிக்க முடியாது.

ஆம்ப்ளிஃபயர் வைத்தால், பேட்டரியிலிருந்து வரும் வயரில், பேட்டரிக்கு அரை மீட்டருக்குள்ளாகவே, ஒரு பியூஸ் இருந்தாக வேண்டும். அந்தப் பியூஸ் இல்லாமல் பாடித் தகட்டில் உரசும் வயர் வண்டியையே கொளுத்திவிடும். வயரிலும் ஏமாற்று உண்டு: அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயரைச் செம்பு வயர் விலைக்கே விற்கிறார்கள். பிளேடால் ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய பாடித் தகட்டில், நீளம் குறைவாக, போல்ட் வைத்து முடுக்க வேண்டும். இல்லையென்றால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் பாட்டில் ஒரு சீழ்க்கை ஏறி இறங்கும்.

வயரை வெட்டவும் விடாதீர்கள். பெரும்பாலான செட்டுகளுக்கு அப்படியே செருகக்கூடிய கப்ளர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைப் போடச் சோம்பல்பட்டு, கம்பெனி சாக்கெட்டை வெட்டி எறிந்துவிட்டு, வயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிவிடுவார்கள். நம் வெயிலில் அந்த டேப்பின் பசை ஓராண்டுகூட நிற்காது. பிறகு வண்டியில் வேறெந்த மின்கோளாறு வந்தாலும், வாரண்டி கேட்டுப் போனால், சர்வீஸ் நிலையத்தில் முதலில் காட்டுவது அந்த வெட்டிய வயரைத்தான். வண்டி விற்கும்போது ‘ஆக்சஸரீஸ் பேக்கேஜ்’ என்று வெளிக்கடைப் பொருளையே இரட்டிப்பு விலைக்குத் தலையில் கட்டுபவர்களும், வாரண்டி என்றதும் வயரைக் காட்டிக் கைவிரிப்பவர்களும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள்.

ஒரேயொரு விதிவிலக்கை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. லோடு இல்லாத நாளில் தெருத்தெருவாகக் காய்கறி கூவி விற்கும் வண்டிக்காரர்கள் நம் பகுதியில் அதிகம், நீங்களும் அதைச் செய்பவராக இருக்கலாம். அந்த வேலைக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. கூவி விற்பதற்கு வேண்டியது குழாய் ஸ்பீக்கரும், 12 வோல்ட்டில் ஓடும் மைக் செட் ஆம்ப்ளிஃபயரும்தான். கேபின் ஸ்பீக்கரைக் கூரையில் கட்டினால் முதல் மழையிலேயே அதன் காகிதம் ஊறிவிடும். அதைவிட ஆபத்தானது, குழாய் ஸ்பீக்கரைக் கம்பெனி செட்டின் ஸ்பீக்கர் வயரில் இணைப்பது. மைக் செட் வேலை தெரிந்தவர்கள் பழக்க தோஷத்தில் ஒரு வயரைப் பாடியில் எர்த் கொடுத்துவிடுவார்கள். கார் செட்டில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரிலுமே மின்னழுத்தம் உண்டு, எதுவும் எர்த் அல்ல. அதைப் பாடியில் தொட்டால் செட்டின் உள்ளே இருக்கும் ஐசி சில்லு அந்த நொடியே போய்விடக்கூடும். இரண்டு ஸ்பீக்கர்களை ஒரே ஜோடி வயரில் சேர்த்துக் கட்டினாலும் 4 ஓம் 2 ஓம் ஆகி, செட் சூடேறி எரியக்கூடும். எனவே இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். ஒன்றின் வயர் மற்றொன்றைத் தொடக் கூடாது. ஒலிபெருக்கி வைப்பதற்கு முன் அனுமதி பெற வேண்டும் என்றும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிக்கக் கூடாது என்றும் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள இடத்தை அரசு அமைதி மண்டலமாக அறிவித்திருந்தால் அங்கும் ஒலிக்கக் கூடாது. அந்த அனுமதியை எந்த மேசையில் வாங்குவது என்று கேட்டுப் போனால், ஒரு மேசை இன்னொரு மேசையைக் காட்டும். ஆனாலும் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி, வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களைக் கடைக்கு அழைத்துப் போன ‘தெரிந்தவர்’ பற்றியும் ஒரு வார்த்தை. டெக்கர் கடைகள் எனப்படும் வண்டி அலங்காரக் கடைகளில், ஆளைக் கூட்டி வருபவருக்குக் கமிஷன் கொடுப்பது எழுதப்படாத வழக்கம். அந்த 14,500 ரூபாய்க்குள் அவர் பங்கும் இருக்கலாம். தனியாகப் போங்கள், பொருளின் மாடல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பில் இல்லாவிட்டால் விலை குறையும் என்பார்கள். பெயர் பெற்ற கம்பெனிகளின் போலிகள் பில் இல்லாமல்தான் விற்பனையாகின்றன. கழற்றிய பழைய ஸ்பீக்கர்களைக் கழிவுக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்டால் கொடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் உடனே பணத்தை எடுக்காதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, சத்தத்தைப் பாதிக்கு வைத்து, சீழ்க்கை வருகிறதா என்று கேளுங்கள். இரண்டு கண்ணாடிகளையும் அடிவரை இறக்கி ஏற்றுங்கள். பேலன்ஸை நடுவில் வைத்து ஒரு பாட்டைப் போட்டு, ஒரு பக்க ஸ்பீக்கரின் இரு வயர்களை மட்டும் மாற்றிப் பொருத்தச் சொல்லுங்கள். எந்த நிலையில் பேஸ் கூடுதலாகவும் குரல் நடுவிலிருந்தும் வருகிறதோ அதுவே சரியான இணைப்பு. பிளஸ், மைனஸ் மாறிய ஸ்பீக்கரோடு, பேஸ் போதவில்லை என்று மறுபடி வந்து பேஸ் டியூப் வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கடைசியாக, கேரள எல்லையில் உள்ள புளியரை எஸ் வளைவில் எதிரே வரும் லாரியின் ஹாரன் காதில் விழும் அளவுக்குச் சத்தத்தை எந்த எண்ணில் நிறுத்த வேண்டும் என்பதையும் முதல் பயணத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.