அம்மாயி ஏன் 'பரதேசி'க்கு அழவில்லை?

வணக்கம் அண்ணா,

போயா (பௌர்ணமி) லீவுக்கு பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது அம்மாயியைப் பக்கத்தில் உட்கார வைத்து என் போனில் பாலாவின் 'பரதேசி' போட்டுக் காட்டினேன். நான் ஏற்கெனவே பார்த்த படம்தான், ஆனாலும் கடைசிக் காட்சியில் அழுதுவிட்டேன். அம்மாயி அழவில்லை. கொழுந்து பறிக்கிற இடத்தில் மட்டும் சிரித்தார். "முத்தலும் கொழுந்துமா இப்புடிப் பிச்சுப் போட்டா கங்காணி காதைத் திருகிருவானே" என்றார். படம் முடிந்ததும் சோறாக்கப் போய்விட்டார். மறுநாள் டிவியில் 'பராசக்தி'. சிவாஜி மெட்ராஸில் இறங்கிக் காசைப் பறிகொடுக்கிற இடத்தில் கண்ணைத் துடைக்கத் தொடங்கியவர் முடியும் வரை நிறுத்தவே இல்லை. எனக்குக் கோபமே வந்துவிட்டது. நம் கதையைச் சொல்கிற படத்துக்கு வராத அழுகை அந்த நாடக வசனத்துக்கு எப்படி வருகிறது? எம்ஜிஆரும் சிவாஜியும் சேர்ந்து நம் ஆட்களைக் கெடுத்துவிட்டார்களா? நீங்களும் பழைய படங்களைத் தலையில் தூக்கி வைத்து எழுதுகிறவர், அதனால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்), கொழும்பு

அன்புள்ள தங்கச்சிக்கு,

அம்மாயியோடு பிறந்தவர்கள் யாராவது இந்தியாவுக்குப் போனார்களா என்று கேட்டிருக்கிறீர்களா? 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம் மலையகத்து ஆட்கள் 5,25,000 பேரை அந்தப் பக்கம் அனுப்புவது என்று இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதிக்கொண்டார்கள், நம்மில் ஒருவரையும் கேட்கவில்லை. அதற்கப்புறம் வருஷக்கணக்கில் அட்டன் ஸ்டேஷனில் கட்டிப்பிடித்து அழுது, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, எங்கெங்கோ சிதறிப் போனார்கள். எங்கள் பெரியப்பா குடும்பம் கூடலூர்ப் பக்கம் போனது. சுகமாக இருக்கிறோம் என்று ஒரு கடிதம் வந்தது, அப்புறம் கடிதமே இல்லை. கொண்டுபோன காசை, கடன் எடுத்துத் தருகிறேன், வீடு பார்த்துத் தருகிறேன் என்று வந்த தரகனிடம் விட்டுவிட்டு அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் எழுதாமல் இருந்தார் என்று ரொம்பக் காலம் கழித்து வேறு ஆள் சொல்லித் தெரிந்துகொண்டோம்.

இப்போது 'பராசக்தி'யை நினைத்துப் பாருங்கள். 1952ல் வந்த படம், யுத்த காலத்தில் ரங்கூனில் இருக்கிற அண்ணன் தம்பிகளோடு ஆரம்பிக்கிறது. கப்பலில் ஒரு இடம்தான் கிடைக்கிறது, இளையவன் மட்டும் தங்கச்சி கல்யாணத்துக்கு வருகிறான், மெட்ராஸில் இறங்கிய கையோடு ஏமாற்றப்படுகிறான். அதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிய இடம் பின்னால் வருகிறது. புருஷனும் அப்பனும் செத்து, கைக்குழந்தையோடு தங்கச்சி இட்லிக் கடை வைத்திருக்கிறாள். அவன் அவள் எதிரிலேயே பைத்தியக்காரன் மாதிரி சுற்றுகிறான், நான்தான் உன் அண்ணன் என்று சொல்லாமல். கையில் ஒன்றும் இல்லையே, எந்த முகத்தோடு சொல்வான்? பெரியப்பா ஏன் கடிதம் போடவில்லை என்பது எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. கலைஞரின் கோர்ட் வசனம் இப்போது பார்த்தால் நீளமாகத்தான் படுகிறது, அதில் உங்கள் பக்கம்தான் நானும். ஆனால் அம்மாயி அழுதது கோர்ட்டுக்கு வெகுமுன்னால் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

'பரதேசி'க்கு வருகிறேன். தோட்டத்துக்கு ஆள்பிடிக்கிற கங்காணி ஊரையே கிளப்பிக் கூட்டிக்கொண்டு நடக்கிற பகுதி என்னை ஆட்டிவிட்ட பகுதி. வழியில் விழுந்தவனை விட்டுவிட்டுக் கூட்டம் நகர்கிறது, மண்ணில் கிடந்தபடி அவன் கையைத் தூக்குகிறான். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து, மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்து, வாந்திபேதியில் செத்து, வழியிலேயே விடப்பட்ட நம் ஆட்களைப் படமாகப் பார்த்தது போலவே இருந்தது. அவ்வளவும் பாலாவுக்குக் கொடுத்துவிடலாம்.

தோட்டத்துக்குள் வந்த பிறகுதான் எனக்குப் படம் கசக்க ஆரம்பித்தது. அங்கே அடியும் கண்ணீரும் நோயும் தவிர வேறு ஒன்றும் இல்லை. உங்கள் அம்மாயி வளர்ந்த லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) காமன் கூத்து நடந்திருக்கும், இஸ்தோப்பில் (திண்ணையில்) உட்கார்ந்து துரைக்கும் கங்காணிக்கும் பட்டப்பெயர் வைத்துச் சிரித்திருப்பார்கள், அரை நாள் கூலி மட்டும் எழுதி அரைப் பேர் போட்ட கணக்கப்பிள்ளையை, காலையில் ஆள் கூடுகிற பிரட்டுக்களத்தில் நாலு கேள்வி கேட்ட பொம்பளைகள் இருந்திருப்பார்கள். அதெல்லாம் வாழ்ந்த ஆளுக்கு, வாயில்லாத பூச்சிகளாக நம்மைக் காட்டினால் அழுகை எங்கே வரும்? அப்புறம் அந்த டாக்டர். படத்துக்கு மூலம் பி. எச். டேனியல் 1969ல் இங்கிலீஷில் எழுதிய நாவல், தமிழில் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' (தேடிப் படியுங்கள், படத்தைவிட நூறு மடங்கு). டேனியல் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்தவர், தொழிலாளிக்காகச் சங்கம் கட்டியவர். அப்பேர்ப்பட்டவர் எழுதிய கதையைப் படமாக்கும்போது டாக்டர் ஆடிப் பாடி மதம் மாற்றுகிற ஆளாகிவிட்டார். எனக்கு அந்தப் பாட்டு ஓடும்போது எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

இன்னொன்று, அது வால்பாறைப் பக்கத்துக் கதை. நம் கதை என்று நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது, தேயிலையும் கங்காணியும் ஒன்றுதான். ஆனால் நம் மலையை நாமே எடுத்த படம் என்றால் தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் 1975ல் தயாரித்து நடித்த 'புதிய காற்று'தான் எனக்கு ஞாபகம் வரும். எம்ஜிஆர் பாணி நிறையவே ஒட்டியிருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். எம்ஜிஆர் நம்மைக் கெடுத்தாரா என்ற கேள்விக்கு நீளமாகப் பதில் வேண்டாம். நாவலப்பிட்டியில் பிறந்த பிள்ளை என்று உரிமை கொண்டாடினோம், விசிலடித்தோம், மறுநாள் காலையில் மலைக்கும் போனோம்.

பழசைத் தூக்கி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டீர்கள், அதனால் புதுசில் இரண்டு. பிரசன்ன விதானகேயின் 'பாரடைஸ்' 2022 பொருளாதார நெருக்கடி நேரத்தில் நம் மலைக்குச் சுற்றுலா வரும் இந்திய ஜோடியின் கதை. களவு போகிறது, பொலிஸ் தோட்டத்து ஆட்களைப் பிடித்து அடிக்கிறது. நம் ஆட்கள் படத்தில் வருவது கொஞ்ச நேரம்தான், ஆனால் யார் என்று விசாரிக்காமலே பழி எங்கே போய் விழும் என்பதை அந்தக் கொஞ்ச நேரத்திலேயே காட்டிவிடுகிறார். எடுத்தவர் சிங்களவர் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம், நாம் எடுக்கவில்லையே என்று கொஞ்சம் எரிச்சலும். இதை அம்மாயிக்குக் காட்ட வேண்டாம். மலையாளமும் இங்கிலீஷும் கலந்து ஓடும், அந்த அடியையும் அவர் பார்க்க வேண்டியதில்லை.

லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை'யைக் காட்டுங்கள். அந்தப் பக்கத்து ஏலக்காய் மலைதான், ஆனால் மூட்டை தூக்கிப் பிழைக்கிறவன் ஒரு துண்டுக் காணிக்காகப் படுகிற பாடு. வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் காணிக்கான உறுதிப் பத்திரத்துக்கு நாம் இன்னும் அலைந்துகொண்டுதானே இருக்கிறோம். அதில் வருகிறவர்கள் பீடி பிடிக்கிறார்கள், கிண்டல் பண்ணுகிறார்கள், கட்சி பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். காணி வாங்கச் சேர்த்த காசு ஏலக்காய் மூட்டையாகப் பள்ளத்தில் உருள்கிற இடம் வரும். அப்போது அம்மாயி என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள். போனில் வேண்டாம் தங்கச்சி, அந்த வயசுக் கண்ணுக்கு அது ஆகாது, டிவியில் போடுங்கள்.