பதில்: பழ ஈக் கருவில் மூன்றுக்குப் பதில் இரண்டு குழல்கள்தான் தெரிகின்றன

வணக்கம். ட்ரோசோஃபிலா (பழ ஈ) கருவின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் சென்ட்ரியோலின் (செல் பிரிவதில் பங்குள்ள சிறு உருளை உறுப்பு) சுவரில் ஒன்பது இரட்டைக் குழல்கள் மட்டுமே தெரிகின்றன, பதப்படுத்தியதில் பிழையோ என்று கேட்டிருந்தீர்கள். பிழை இல்லை, பயப்படாதீர்கள். பாடநூல்களில் வரும் 'ஒன்பது மும்மைகள்' (மும்மூன்றாக ஒட்டிய குழல்கள்) படம் பெரும்பாலும் பாலூட்டிச் செல்களுடையது. பழ ஈக் கருவில் இரட்டைகள்தான் இயல்பு. சென்ட்ரியோலின் நீளமும் சுமார் 200 நானோமீட்டர்தான். மனிதச் செல்லில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

நடுவில் வண்டிச்சக்கரம் போன்ற அமைப்பு தெரிகிறதா, பாருங்கள். மனிதச் செல்லில் முதிர்ந்த சென்ட்ரியோல் அதை இழந்துவிடும், பழ ஈயில் அப்படியே இருக்கும். பலர் அதைக் கண்டு 'இளம் சென்ட்ரியோல்' என்று தவறாக எழுதிவிடுகிறார்கள்.

உங்கள் வழிகாட்டி நம்ப மறுத்தால் ஒன்று செய்யுங்கள்: அதே கரைசலில் ஆண் ஈயின் விந்தகத்தையும் பதப்படுத்துங்கள். அங்கே ஸ்பெர்மட்டோசைட் செல்களில் (விந்தணுக்களை உருவாக்கும் செல்கள்) மும்மைகள் இருக்கும். நீளமும் ஒரு மைக்ரோமீட்டரைத் தாண்டும். அங்கே மூன்றாவது குழல் தெளிவாகத் தெரிந்தால், உங்கள் முறை மேல் யாரும் குறை சொல்ல முடியாது. எனக்கு இதைவிட நேர்மையான சோதனை தோன்றவில்லை.

ஒரே வெட்டை (மாதிரியிலிருந்து சீவிய மெல்லிய துண்டு) நம்பாதீர்கள். 70 நானோமீட்டர் வெட்டுகளில் கருவின் சென்ட்ரியோல் மூன்று வெட்டுகளுக்குள் முடிந்துவிடும். தொடர் வெட்டுகளை வரிசையாக எடுங்கள். சாய்ந்து வெட்டுப்பட்டிருந்தால் குழல்கள் மங்கலாகும், மாதிரித் தாங்கியைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் தெளியும்.