பாட்டில் இருக்கட்டும், மூடியைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் கூந்தல் தைலம் காய்ச்சி 100 மில்லி பெட் பாட்டிலில் விற்கிறேன். ஒரு மாதத்தில் பிளாஸ்டிக் வாடை வருகிறது. பாட்டில் கடைக்காரர் 'ஃபுட் கிரேடு' சான்றிதழ் தந்திருக்கிறார். 'ஹெவி மெட்டல் டெஸ்ட் போதும்' என்கிறார் ஒரு ஏஜென்ட். எடுக்கலாமா?

அந்த ஏஜென்ட்டிடம் பணம் கட்டாதீர்கள். ஹெவி மெட்டல் என்கிற காரீயம், காட்மியம் எல்லாம் பெரும்பாலும் சாயத்தில் வருபவை, மஞ்சள் சிவப்பு மூடி என்றால் பார்க்கலாம். உங்கள் கவலை எண்ணெய். மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் வட்டத் தக்கையை நகத்தால் அழுத்துங்கள், ஊறி உப்பி கொழகொழவென்று இருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். மலிவான பிவிசி தக்கையை மெத்தென்று ஆக்கச் சேர்க்கும் தாலேட் என்ற ரசாயனம் எண்ணெயில் சுலபமாகக் கரையும், ஆனால் அதற்கு வாடை கிடையாது, அதனால் மூக்கை நம்ப முடியாது. வாடை தைலம் சிக்குப் பிடித்ததாலும் வரலாம்.

அதனால் ஒரே காய்ச்சலில் எடுத்த தைலத்தைப் பாதி உங்கள் பாட்டிலிலும் பாதி கண்ணாடி ஜாடியிலும் ஊற்றி, இரண்டையும் லேபுக்குக் கொடுத்து 'தாலேட் பாருங்கள்' என்று எழுதிக் கேளுங்கள். காலிப் பாட்டிலுக்கு ஐஎஸ் 9845 இடப்பெயர்வுச் சோதனை கேளுங்கள், பிளாஸ்டிக்கிலிருந்து உள்ளே இருக்கும் பொருளுக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது அது, அதிலும் எண்ணெய்ப் பொருளுக்கான முறையில் செய்யச் சொல்லுங்கள். உணவுப் பொட்டலத்தில் அப்படி இறங்குவதற்கு வரம்பு கிலோவுக்கு 60 மில்லிகிராம். சென்னை கிண்டியில் உள்ள மத்திய அரசின் பிளாஸ்டிக் நிறுவனமான சிப்பெட்டில் பிளாஸ்டிக் சோதனைக்கூடம் இருக்கிறது, நேரில் போங்கள்.

அந்தச் சான்றிதழைக் கொஞ்சம் பாருங்கள். அடியில் 'கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்' என்று இருக்கும். என்றோ யாரோ கொடுத்த பாட்டில் அது, உங்கள் மூட்டையில் வந்தது இல்லை. ஒரே பிடிஎஃப்பில் பெயரை மட்டும் மாற்றி மூன்று பேருக்கு விற்றதை நானே பார்த்திருக்கிறேன். லேபுகளுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல்லின் முத்திரை இருந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு அறிக்கைக்கும் தனியாக இருக்கும் யூஎல்ஆர் எண்ணைச் சொல்லி லேபுக்கே போன் போட்டுக் கேளுங்கள். உரிமம் தருகிறவர்கள் லேபிளில் எழுத்து சின்னதாக இருந்தால் திருப்பி அனுப்புவார்கள், பாட்டில் எதனால் ஆனது என்று ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை, எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

கண்ணாடிக்கு மாறினால் கவலை இல்லையா என்பீர்கள். கண்ணாடி நல்லதுதான், ஆனால் டிராப்பர் வைத்த பாட்டில் வேண்டாம். சாய்த்து வைத்தால், பார்சலில் உருண்டால், தைலம் மேலேறி அந்த ரப்பர் குமிழில் நாள் கணக்கில் ஊறும், குமிழ் பிசுபிசுக்கும், கண்ணாடிக்குக் கொடுத்த காசு வீண். டிராப்பர்தான் வேண்டும் என்றால் தனியாகக் கொடுங்கள், பாட்டிலுக்குச் சாதா மூடி போடுங்கள்.

முடிவு வரும்வரை பாலித்தீன் தக்கை வைத்த மூடி கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் 'எல்லாம் ஒண்ணுதாங்க' என்றால் வேறு கடை பாருங்கள்.