பாண்ட் ஒருவரா, ஆறு பேரா? கேள்வி பதில்

தீபாவளி விடுமுறையில் ஜேம்ஸ் பாண்ட் படங்களை மொத்தமாகப் பார்த்து முடித்த நம் ஆட்கள், கதைத் தொடர்ச்சி பற்றிக் கேள்வி மேல் கேள்வியாக அனுப்பிவிட்டார்கள். கணக்கு இதுதான்: இயான் நிறுவனம் 1962 முதல் 2021 வரை எடுத்த 25 படங்கள், ஆறு நடிகர்கள். ஷான் கானரி 1983இல் வேறு தயாரிப்பாளருக்கு நடித்துக் கொடுத்தது இதில் சேராது. முடிவுகளையெல்லாம் போட்டு உடைக்கப்போகிறேன், படம் பார்க்காதவர்கள் இப்போதே நழுவிக்கொள்ளலாம்.

ஈசூன் தம்பி: அண்ணே, ஜேம்ஸ் பாண்ட் என்பது ஆளின் பெயரே இல்லையாம், 007 என்ற உளவாளி வேலைக்கு வருகிற எல்லாருக்கும் கொடுக்கிற பெயராம், அதனால்தான் முகம் மாறுகிறதாம். ஆபீஸ் நண்பன் சத்தியம் செய்கிறான்.

கோட்நேம் தியரி! கேட்க அழகாக இருக்கும் தம்பி, ஆனால் படங்களே அதற்கு இடம் தரவில்லை. 1969இல் ஜார்ஜ் லேசன்பி நடித்த ‘ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ கடைசியில் பாண்டுக்கும் டிரேசிக்கும் கல்யாணம் நடக்கிறது, மாலை வாடுவதற்குள் காரில் வைத்தே அவளைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். லேசன்பி அந்த ஒரே படத்தோடு போய்விட்டார். ஆனால் 1981இல் ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’ தொடங்கும்போது ரோஜர் மூர் பூவோடு ஒரு கல்லறை முன் நிற்கிறார், கல்லில் தெரேசா பாண்ட், 1943-1969, ஜேம்ஸ் பாண்டின் அன்பு மனைவி என்று செதுக்கியிருக்கிறது. தனக்கு முன் வேலை பார்த்தவரின் மனைவிக்கு இவர் ஏன் பூ வைக்கவேண்டும்? 1989இல் டிமத்தி டால்டன் நண்பன் ஃபீலிக்ஸின் கல்யாணத்தில் திடீரென்று முகம் வாடி விலகிப் போகிறார், இவருக்கும் ஒரு காலத்தில் கல்யாணம் ஆகியிருந்தது என்று ஃபீலிக்ஸ் தன் மனைவியிடம் சொல்கிறான். ஒரே துக்கத்தை மூன்று நடிகர்கள் சுமக்கிறார்கள்.

இன்னொன்று, பெரும்பாலானோர் கவனிக்காதது. 1969 படத்தில் பாண்ட் குடும்பச் சின்னத்தைப் பற்றிப் பேசும்போது ‘இந்த உலகம் போதாது’ என்பது குலவாக்கியமாக வருகிறது. 30 வருஷம் கழித்து, 1999இல், அதே பொருள்படும் தலைப்புள்ள படத்தில் பியர்ஸ் பிராஸ்னன் அதைத் தன் குடும்ப வாக்கியம் என்கிறார். வேலையோடு குலவாக்கியமும் கைமாறுமா என்ன?

செங்காங் அக்கா: தம்பி, ஒரு பாண்ட் பட டைரக்டரே இந்தத் தியரியை ஆதரித்தாராமே?

ஆமாம் அக்கா, 2002இல் ‘டை அனதர் டே’ எடுத்த லீ டமஹோரிக்கு இந்த யோசனை பிடித்திருந்தது. ஆனால் அவர் எடுத்து வெளியிட்ட படத்தில் அப்படி எதுவும் இல்லையே! 1967இல் ‘கசீனோ ராயல்’ என்ற பெயரில் ஒரு கேலிப்படம் வந்தது, இயான் எடுத்ததல்ல. அதில் எதிரியைக் குழப்புவதற்காக எல்லா உளவாளிகளுக்கும் ஜேம்ஸ் பாண்ட் என்றே பெயர் வைத்துவிடுவார்கள். ரசிகர்கள் இன்று மண்டையை உடைத்துக்கொள்ளும் தியரி அன்றே காமெடியாக வந்துபோனதுதான்.

ஜூரோங் வாசி: அப்போது உங்கள் விளக்கம் என்ன?

நம் டிவி சீரியலில் திடீரென்று ஒருநாள் ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று எழுத்து ஓடுமே, அதேதான். மாமியார் முகம் மாறியதை மருமகள் கண்டுகொள்ளவே மாட்டாள், நாமும் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டுப் பார்க்கத் தொடங்கிவிடுவோம். முதல் 20 படங்கள் இப்படித்தான், ஒரே ஆள், காலம் மட்டும் அவருக்காக நகர்ந்து கொடுக்கிறது. வயதைக் கூட்டிக் கழித்தீர்களானால் தலை சுற்றும். மூர் கானரியைவிட மூன்று வயது மூத்தவர், டிரேசி செத்த 1969இல் டால்டனுக்கு 23 வயது, பிராஸ்னன் பள்ளிக்கூட வயதுப் பையன்.

லேசன்பி படத்தில் இதைச் சொல்லியே காட்டுகிறார்கள். முதல் சண்டை முடிந்து டிரேசி காரில் பறந்ததும், மற்ற ஆளுக்கு (அதாவது கானரிக்கு) இப்படியெல்லாம் நடந்ததே இல்லை என்று நம்மைப் பார்த்து ஒரு போடு போடுகிறார். அப்புறம் வேலையை விடுவதாகச் சொல்லி மேசையைக் காலி செய்கிற காட்சி. இழுப்பறையிலிருந்து ‘டாக்டர் நோ’ நாயகி ஹனியின் கத்தி வருகிறது, அடுத்த படத்துக் கொலையாளி ரெட் கிராண்டின் கழுத்தை நெரிக்கும் கம்பி வைத்த கடிகாரம் வருகிறது, ‘தண்டர்பால்’ படத்தில் நீருக்கடியில் மூச்சுவிட உதவிய சின்னக் கருவி வருகிறது, ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்தந்தப் படத்தின் இசை. மூன்றுமே கானரி படத்துச் சாமான்கள். விளக்க வசனமே இல்லாமல் ‘இவருக்குப் பதில் இவர்’ போட்டுவிட்டார்கள்.

தோ பாயோ மாணவி: அதே படத்தில் வில்லன் புளோஃபெல்டுக்குப் பாண்டை அடையாளமே தெரியவில்லையே? முந்தைய படத்தில் நேருக்கு நேர் பார்த்தவர்கள்தானே?

நல்ல கண் உனக்கு. பாண்ட் பிளாஸ்டிக் சர்ஜரி செய்துகொண்டார், புளோஃபெல்டும் முகத்தை மாற்றிக்கொண்டான் என்று ரசிகர்கள் ஒட்டுப்போடுவார்கள். நிஜக் காரணம் சாதாரணம். பாண்டைப் படைத்த இயன் ஃபிளெமிங்கின் நாவல்களில் டிரேசி கதை 1963இல் வந்தது, ‘யூ ஒன்லி லிவ் டுவைஸ்’ அதற்கு அடுத்த வருஷம். சினிமாவில் வரிசையைத் திருப்பி 1967, 1969 என்று எடுத்துவிட்டார்கள். நாவல்படி டிரேசி கதையில்தான் இருவரும் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள், அதை அப்படியே படத்திலும் வைத்ததால் வந்த ஓட்டை இது.

பொங்கோல் அண்ணன்: உளவுத்துறை மேலதிகாரி ‘எம்’ வேடத்தில் வரும் ஜூடி டென்ச் பிராஸ்னனுக்கும் எம், டேனியல் கிரெய்குக்கும் எம். அப்போது இரண்டும் ஒரே உலகமா?

இல்லை அண்ணே. 1995 ‘கோல்டன் ஐ’யில் அவர் புதிதாக வந்த அதிகாரி, பாண்ட் ஏற்கெனவே பழம் தின்று கொட்டை போட்டவர். 2006இல் கிரெய்கின் முதல் படம் கதையையே புதிதாகத் தொடங்குகிறது, அங்கே தலைகீழ், அவர் பழைய ஆள், பாண்ட் இப்போதுதான் கொல்ல அனுமதி தரும் 00 உரிமம் வாங்குகிறார். ஒரே நடிகை, இரண்டு எம். முடிந்தது.

புக்கிட் பாத்தோக் கார் பிரியர்: அப்படியானால் ‘ஸ்கைஃபால்’ படத்தில் கோல்ட்ஃபிங்கர் காலத்து ஆஸ்டன் மார்ட்டின் எப்படி வந்தது?

அடிமடியிலேயே கை வைத்துவிட்டீர்கள். கிரெய்க் 2006இல் பஹாமாஸில் சீட்டாட்டத்தில் ஓர் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 கார் ஜெயிக்கிறார், ஆனால் அது இடப்பக்க ஸ்டியரிங். 2012இல் வருவது வலப்பக்க ஸ்டியரிங், 1964 ‘கோல்ட்ஃபிங்கர்’ காரின் அதே பிஎம்டி 216ஏ எண், முன்பக்கம் துப்பாக்கி, மேலதிகாரி ‘எம்’மை மிரட்ட இருக்கையைத் தூக்கியெறியும் பொத்தான் வேறு. உளவுத்துறைக்குக் கருவிகள் செய்து தரும் க்யூவின் ஆட்கள் மாற்றிக் கொடுத்தார்கள் என்பது ரசிகர் விளக்கம். (நம் சிங்கப்பூரில் கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சீட்டான சிஓஇ எடுக்கவே சொத்தை விற்கவேண்டும், இதில் ஸ்டியரிங்கை வேறு மாற்றுவதாம்.) என்னைக் கேட்டால் அது 50ஆம் ஆண்டுக்கான பரிசு, தர்க்கம் தேடாதீர்கள். ஆனால் அதே படத்தில் ஸ்காட்லாந்தில் பாண்டின் அப்பா அம்மா கல்லறையைக் காட்டுகிறார்கள், ஆண்ட்ரூ பாண்ட், மோனிக் பாண்ட். ஈசூன் தம்பி, இதை உங்கள் நண்பனிடம் சொல்லுங்கள். 2021இல் பாண்ட் ஓய்வில் இருக்கும்போது 007 நோமி என்ற பெண்ணுக்குப் போகிறது, எண்தான் போகிறது, பெயர் போகவில்லை.

உட்லண்ட்ஸ் தம்பி: ‘ஸ்பெக்டர்’ படத்தில் புளோஃபெல்ட் திடீரென்று பாண்டோடு வளர்ந்த அண்ணன் மாதிரி ஆகிவிட்டானே, ஏன்?

வழக்கு. ‘தண்டர்பால்’ கதையில் பங்குள்ள கெவின் மெக்லோரி புளோஃபெல்ட், ஸ்பெக்டர் பெயர்களின் உரிமைக்காகப் பல வருஷம் சண்டை போட்டார். அதனால்தான் 1981இல் மூர் புகைபோக்கிக்குள் போடும் மொட்டைத்தலை ஆளுக்குச் சக்கர நாற்காலி உண்டு, வெள்ளைப் பூனை உண்டு, பெயர் மட்டும் கிடையாது. 2013இல் சமரசம் ஆனதும் பெயர் கைக்கு வந்தது. அதுவரை கிரெய்க் படங்களில் எதிரியாக இருந்த குவாண்டம் அமைப்பை 2015இல் அவசரமாகப் புளோஃபெல்டின் ஸ்பெக்டர் அமைப்புக்குள் திணித்தார்கள், சொந்தப் பழி தீர்க்க வந்த ‘ஸ்கைஃபால்’ வில்லன் சில்வாவையும் சேர்த்து. எனக்குச் சுத்தமாக ஒட்டவில்லை.

தேக்கா பெரியவர்: ‘ஆக்டோபுஸி’யில் நம்ம சென்னை விஜய் அமிர்தராஜ் மகுடியில் பாண்ட் இசையையே வாசிக்கிறாரே, அவருக்கு எப்படித் தெரியும்?

ஐயா, இதற்கு எந்தத் தியரியாலும் பதில் சொல்ல முடியாது. உதய்ப்பூர் படகுத்துறையில் அதைக் கேட்டுத்தான் பாண்ட் தன் ஆளை அடையாளம் காண்கிறார். அதாவது பாண்டுக்கே தன் தீம் மியூசிக் தெரியும்!

அங் மோ கியோ அம்மா: பையனுக்கு எந்த வரிசையில் போட்டுக் காட்டுவது?

பழைய 20 படங்களை எப்படி வேண்டுமானாலும் கலைத்துப் போடுங்கள் அம்மா, 1969 படத்தை மட்டும் 1981க்கு முன்னால் காட்டிவிடுங்கள். கிரெய்கின் ஐந்தும் வரிசையாகத்தான் ஓடவேண்டும், இரண்டாவது படம் முதல் படம் முடிந்த சூட்டோடு தொடங்குகிறது, ஐந்தாவதில் பாண்ட் செத்தே போகிறார்.